வச்சு, வெச்சு, வைத்து: பழைய கதைகளில் வட்டாரப் பேச்சின் எழுத்து

எங்கள் பக்கத்து நத்தத்துக்கு மேற்கே திண்டுக்கல்லைக் கடந்தால் வத்தலக்குண்டு. கிழக்கே கொட்டாம்பட்டியைக் கடந்தால் சிங்கம்புணரி. தெற்கே மதுரை. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமையர் 1872இல் வத்தலக்குண்டில் பிறந்தவர். 'மணிக்கொடி' இதழை நடத்திய பி. எஸ். ராமையாவுக்கும் அதுவே ஊர். சின்னமனூரில் பிறந்த சி. சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கேதான். 'புயலிலே ஒரு தோணி'யைத் தந்த ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இவர்கள் காதில் விழுந்த தெருப்பேச்சு ஏறக்குறைய ஒன்றே: அங்கிட்டு, இங்கிட்டு, வெள்ளன, வெஞ்சனம், தொரட்டி என்று இன்றும் நத்தம் சந்தையில் புழங்கும் பேச்சு. அதைத் தாளில் இறக்கும்போது மட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் போனார்கள்.

பழைய கதைகள் அன்றாடச் சொற்களை எந்த எழுத்தில் அச்சேற்றின, ஏன் அப்படி அச்சேற்றின, மறுபதிப்புச் செய்கிறவர்கள் அவற்றை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்துகள் பிழைகள் அல்ல. எழுதியவர் தன் காதை நம்பி எடுத்த முடிவுகள். அவற்றைத் திருத்தும் உரிமை பதிப்பாளருக்கோ மெய்ப்புப் பார்ப்பவருக்கோ கிடையாது. அதே சமயம், அவற்றை ஒலிப்பதிவு போல எடுத்துக்கொண்டு, 'அன்று இப்படித்தான் பேசினார்கள்' என்று தீர்ப்பு எழுதுவதும் தவறு.

பேச்சை எழுதுவது நாவலோடு வந்த புதுப்பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் இராசராசன் தான் வழங்கியதைக் 'கொடுத்த' என்று வெட்டவைக்கவில்லை, 'குடுத்த' என்றே வெட்டவைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் பேரரசனின் கல்லில் ஏறிய அந்த உகரம், இன்று பள்ளிப்பிள்ளையின் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் அடிக்கப்படுகிறது. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் வாயில் வந்தபடியே எழுதியவர். ஆகவே பேச்சு எழுத்துக்குள் எப்போதும் இருந்தது. அச்சுத் தமிழ் தனக்கென்று ஒரு செம்மையை வகுத்துக்கொண்ட பிறகுதான் அதற்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் வேதநாயகம் பிள்ளை அந்த அனுமதியைப் பெரிதாகக் கேட்கவில்லை. பாத்திரங்கள் பெரும்பாலும் ஆசிரியரின் நடையிலேயே பேசுகிறார்கள்.

மாற்றம் ராஜமையரிடம் தெரிகிறது. 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் தொடராக வந்த அவருடைய நாவல், அன்றைய மதுரை ஜில்லாவின் சிறுகுளம் என்ற கிராமத்தில் நடக்கிறது. (திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான்.) திண்ணையிலும் குளத்தங்கரையிலும் வம்பளக்கும் பெண்களின் பேச்சு, தமிழ் வாத்தியார் அம்மையப்பப் பிள்ளையின் பேச்சு, கள்வன் பேயாண்டித் தேவனின் பேச்சு என்று ஆளுக்கொரு குரல் கொடுக்க அவர் முயன்றார். இருபத்தாறு வயதில் இறந்துபோன அந்த இளைஞர் தன் முன்னே மாதிரி எதுவும் இல்லாத நிலையில் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தை அவரே தேட வேண்டியிருந்தது.

அந்தத் தேடலின் சிரமத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. தமிழ் எழுத்து பேச்சின் பல ஒலிகளைப் பிடிக்காது. 'வந்தான்' என்ற சொல்லைப் பேச்சில் சொல்லும்போது கடைசி 'ன்' முழுதாக ஒலிப்பதில்லை; ஆகாரம் மூக்கில் போய் நிற்கிறது. 'வந்தாள்' என்பதிலோ 'ள்' அறவே விழுந்துவிடுகிறது. இரண்டையும் காதில் விழுந்தபடி எழுத முனைந்தால் இரண்டுமே 'வந்தா' ஆகிவிடும். வந்தது ஆணா பெண்ணா என்று வாசகர் திகைப்பார். எனவே கதைக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல ஒரு வழக்கத்துக்கு வந்தார்கள்: அவள் வந்தா, அவன் வந்தான். பெண்பாலில் பேச்சு, ஆண்பாலில் ஏடு. இந்தப் பாதிப்பேச்சு நமக்கு இயல்பாகத் தோன்றும் அளவுக்குப் பழகிவிட்டது.

இகர உகரங்களின் கதையும் இதேதான். இடம் எடமாகும், உடம்பு ஒடம்பாகும், விலை வெலையாகும், கிழவன் கெழவனாவான். இது ஒரு சாதியின் கொச்சையோ ஒரு ஊரின் கொச்சையோ அல்ல. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னால் உள்ள இகர உகரம் எகர ஒகரமாக இறங்குவது தமிழ்ப்பேச்சில் பரவலாக உள்ள விதி. படித்தவரும் அப்படித்தான் பேசுகிறார். ஆனால் எழுதும்போது 'குடை' 'கொடை'யானால் அது தானமாகவும், தெற்கே அம்மன் கோயில் திருவிழாவாகவும் பொருள்பட்டுவிடும். அங்கே எழுத்தாளர் தயங்குகிறார். 'எடம்' என்று எழுதியவரே அடுத்த வரியில் 'குடை' என்று எழுதுவதற்கு இது ஒரு காரணம். ஒரே பக்கத்தில் ஒழுங்கில்லை என்று குறைகூறும் வாசகர், அந்த ஒழுங்கின்மைக்குள் இருக்கும் கணக்கைப் பார்ப்பதில்லை.

'ஒன்று' என்பது 'ஒண்ணு'வா 'ஒன்னு'வா என்ற சண்டை ஓயாதது. கவனித்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். எண்ணுப்பெயரில் 'ன்று' பெரும்பாலும் டண்ணகரமாக மாறுகிறது: ஒண்ணு, மூணு. வினையில் றன்னகரமாக நிற்கிறது: நின்னு, தின்னு, கொன்னு. கன்றுக்குட்டி மட்டும் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: சில ஊரில் கண்ணுக்குட்டி, சில ஊரில் கன்னுக்குட்டி. இதைக் காதால் அறிந்த எழுத்தாளர் ஒரே கதையில் 'ஒண்ணு' என்றும் 'நின்னு' என்றும் எழுதியிருப்பார். சீர்மை வேண்டும் என்று மெய்ப்புப் பார்ப்பவர் இரண்டையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவந்தால், மொழியின் வரலாற்றுத் தடயம் ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து போய்விடுகிறது.

எழுத்து ஊரையும் சொல்லும். 'வருகிறான்' என்பதை மதுரை, திண்டுக்கல் பக்கம் 'வாரான்' என்றோ 'வர்றான்' என்றோ எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அது 'வாறான்'. றகரம் அங்கே தன் வலிமையை இழக்கவில்லை. நெல்லையில் 'வருதான்' கேட்கும். 'வைத்து' எங்களூரில் 'வச்சு'; கொங்கில் 'வெச்சு'. 'கொண்டு' என்ற துணைவினை இதைவிடத் தெளிவான அடையாளம்: 'பாத்துக்கிட்டு' என்றால் தெற்கும் நடுவும், 'பாத்துண்டு' என்றால் அக்கிரகாரம், 'பாத்துகினு' என்றால் சென்னையும் வடக்கும். ஒரு பழைய கதையின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்தாலும் இந்த ஒரு சொல்லை வைத்து அது எந்தத் தெருவில் நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பின்னணியில் செல்லப்பாவைப் படிக்க வேண்டும். 1959இல் வந்த 'வாடிவாசல்' நூறு பக்கத்துக்குள் அடங்கும் குறுநாவல். உசிலனூர்ப் பிச்சி, அவன் மச்சான் மருதன், வாடிவாசலை ஒட்டி நின்று பேசும் கிழவர், ஜமீன்தாரின் காரிக்காளை. இதன் பேச்சு முழுக்க மதுரைச் சீமை மாடுபிடி மக்களுடையது. 'எழுத்து' பத்திரிகையில் வெளிவந்து 1962இல் நூலான 'ஜீவனாம்சம்', சாவித்திரி என்ற இளம் விதவையின் மனத்துக்குள் ஓடுவது. அதன் வீடும் மொழியும் வேறு. மூன்றே ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு பேச்சுகளுக்கு இரண்டு எழுத்துமுறைகளை வகுத்தார். 'வாடிவாசல்' காட்டும் ஓசை, தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டவரால் மட்டுமே எழுதக்கூடியது. நத்தம், கொட்டாம்பட்டிப் பக்கம் மாடு பிடித்த தலைமுறையினர் அதை உரக்கப் படித்தால் தடுமாற மாட்டார்கள் என்றே நம்புகிறேன். அதில் ஆசிரியரின் வருணனைகூடப் பேச்சை நோக்கிச் சாய்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் தமிழுக்கும் வெளியே இருக்கும் தமிழுக்கும் தூரம் குறைவு. அதை நான் அந்நூலின் பெரிய வெற்றியாகக் கருதுகிறேன்.

அந்தத் தூரம்தான் இந்த வரலாற்றின் நடு நரம்பு. 1942இல் 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம் கொங்குப் பேச்சை உரையாடலில் தாராளமாக விட்டார். கதைசொல்லும் குரலைப் பொதுத்தமிழில் வைத்துக்கொண்டார். புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சைச் சென்னைக்குக் கூட்டிவந்தவர். 'ஒரு நாள் கழிந்தது' கதையில் முருகதாசரின் குடித்தனம் நடப்பது சென்னையில், வீட்டுக்குள் ஒலிப்பது தெற்கத்திப் பேச்சு. சிங்காரத்தின் நாவலில் மெடானிலும் பினாங்கிலும் வட்டிக்கடைக்காரரும் சிப்பாயும் கப்பல்காரரும் தத்தம் ஊர்ப்பேச்சோடு மோதுகிறார்கள். 'கிட்டங்கி', 'தவுக்கே' போன்ற கடல்கடந்த சொற்கள் தமிழ் எழுத்தில் இயல்பாகக் குடியேறுகின்றன. வட்டாரம் என்றால் ஒரே ஊரில் அடைபட்டது என்ற எண்ணத்தை அந்த நாவலைப்போல வேறெதுவும் உடைத்ததில்லை.

கி. ராஜநாராயணன்தான் மேற்கோள் குறியைத் தாண்டினார். இடைசெவல்காரரான அவர், பாத்திரம் பேசும் தமிழிலேயே ஆசிரியரும் கதை சொல்லலாம் என்று காட்டினார். 1976இல் வந்த 'கோபல்லபுரம்' அதற்குப் பெரிய சாட்சி. அதோடு நிற்காமல் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையும் கொண்டுவந்தார். பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'. மூன்றையும் தொகுத்தவர்கள் கதை எழுதுகிறவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மதுரை, திண்டுக்கல் பேச்சுக்கு அந்த அளவில் ஒரு புனைகதைக்காரரின் அகராதி நம் கையில் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. கொடிக்காபுளி, கல்லாமை மாங்காய், கும்பா, குத்துச்சட்டி என்று சொற்கள் குவிந்து கிடக்கும் மண் இது. துறட்டி என்று அகராதியில் இருப்பதை இங்கே தொரட்டி என்கிறார்கள், தொறட்டி என்றும் எழுதுகிறார்கள். பழைய கதையில் இதைக் காணும் பட்டணத்து வாசகருக்கு, மரத்தில் மாங்காய் பறிக்கும் கொக்கிக் கம்பு அது என்று சொல்ல ஆள் வேண்டும்.

இப்படி எழுதுவதை எதிர்த்தவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் மூண்ட 'மரபுப் போராட்டம்' இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. உழைக்கும் மக்களின் பேச்சைக் கதையில் கொண்டுவந்த முற்போக்கு எழுத்தாளர்களை நோக்கிப் பண்டிதர்கள், இது 'இழிசனர் வழக்கு', இலக்கியத்துக்கு ஆகாது என்றார்கள். அந்தச் சொல்லே அவர்கள் தரப்பைத் தோற்கடித்தது. இலக்கணம் என்று தொடங்கிய வாதம் யார் இழிந்தவர் என்பதில் போய் நின்றது. ஆனால் அவர்கள் எழுப்பிய ஒரு கவலை நியாயமானது. ஒவ்வொரு ஊரும் தன் ஒலியை எழுதத் தொடங்கினால் யாழ்ப்பாணத்துக் கதையை நத்தத்துக்காரர் படிக்க முடியுமா? அறுபது ஆண்டு அனுபவம் முடியும் என்கிறது. கே. டானியலின் 'பஞ்சமர்' இங்கே படிக்கப்பட்டது. தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' குமரி முனையின் முஸ்லிம் பேச்சோடு தமிழ்நாடு முழுக்கச் சென்றது. நாலைந்து பக்கம் தட்டும். பிறகு காது பழகிக்கொள்ளும்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பழைய பத்திரிகைக் கதைகள் பலவற்றில் எஜமானர் ஏட்டுத்தமிழ் பேசுகிறார், வேலைக்காரர் மட்டும் பேச்சுத்தமிழ் பேசுகிறார். எஜமானரும் நிசத்தில் 'எடம்' என்றுதான் சொல்வார். அவர் வாயில் அது 'இடம்' என்று அச்சாகிறது. பண்ணையாளின் வாயில் 'எடம்' என்று அச்சாகிறது. ஒலியில் இல்லாத வேற்றுமையை எழுத்து உண்டாக்குகிறது. இங்கே எழுத்துக்கூட்டல் ஊரைச் சொல்லவில்லை, படிநிலையைச் சொல்கிறது. சிரிப்பூட்டுவதற்காக ஏழையின் நாக்கில் மட்டும் ழகரத்தைத் திரித்த கதைகளை இன்று வாசிக்கும்போது வலிக்கிறது. மதுரைப் பக்கம் பழத்தைப் பளம் என்று சொல்பவர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. கறுப்பின மக்களின் பேச்சைக் கேலிக்காகத் திரித்தெழுதுவது அங்கே வாடிக்கையாக இருந்த காலத்தில்தான் மார்க் ட்வைன் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலின் முகப்பில், தான் பல கிளைமொழிகளைக் கவனத்தோடு வேறுபடுத்தி எழுதியிருப்பதாக அறிவிக்க வேண்டியிருந்தது. 1884இல் வந்த நூல் அது. அவர் எழுதிய கறுப்பின மனிதரின் பேச்சைப் பற்றி இன்றும் அங்கே விவாதம் நடக்கிறது.

தமிழில் இந்தக் கணக்கைத் திருப்பிப்போட்டவர்கள் பின்னால் வந்தார்கள். பூமணியின் 'பிறகு', பாமாவின் 'கருக்கு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' ஆகியவற்றில் பேச்சுத்தமிழ் யாருக்கும் கீழே இல்லை. 1992இல் வந்த 'கருக்கு' நெடுகிலும் சொல்பவரின் ஊர்ப்பேச்சிலேயே தன் வாழ்வைச் சொல்கிறது. அங்கே ஏட்டுத்தமிழ்தான் வெளியாள். பழைய கதைகளின் எழுத்தை எடைபோடும்போது இந்த நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே 'எடம்' ஒரு கதையில் ஏளனமாகவும் இன்னொன்றில் உரிமையாகவும் நிற்பதை அப்போதுதான் பார்க்க முடியும்.

இனி மறுபதிப்பு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபிறகு பழைய நூல்கள் புதிய ணை, லை, றா, னா வடிவங்களில் அச்சாயின. அதில் எந்த நட்டமும் இல்லை. மாறியது எழுத்தின் உருவம் மட்டுமே. ஆனால் மெய்ப்பு மேசையில் அதோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கிறது. 'வெச்சு' 'வச்சு'வாகிறது, 'காப்பி' 'காபி'யாகிறது, 'இட்டிலி' 'இட்லி'யாகிறது. ஒவ்வொன்றும் சிறியது, சேர்ந்தால் ஒரு காலத்தின் ஓசையே மாறிவிடுகிறது. காப்பி என்று எழுதிய தலைமுறையின் நாக்கு வேறு.

இதற்குச் சரியான வழியைக் காட்டியது புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் காலச்சுவடு வழியாகக் கொண்டுவந்த பதிப்பு. பத்திரிகையில் வந்த வடிவம், ஆசிரியர் காலத்து நூல் வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைப் பதிவு செய்தது அது. சங்க இலக்கியத்துக்கு உ. வே. சாமிநாதையர் காட்டிய கவனம் ஒரு சிறுகதைக்கும் உரியதுதான் என்பதை அது நிலைநாட்டியது. இதுபோன்ற பதிப்பு ராஜமையருக்கும் செல்லப்பாவுக்கும் சிங்காரத்துக்கும் வேண்டும். ராஜமையர் 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய எழுத்துக்கும் இன்று கடையில் கிடைக்கும் பதிப்புகளின் எழுத்துக்கும் இடையே என்னென்ன மாறியிருக்கின்றன என்று சொல்லுக்குச் சொல் பார்க்காதவரை, தமிழ் நாவலின் தொடக்ககாலப் பேச்சைப் பற்றி நாம் உறுதியாகப் பேச முடியாது.

கணினி வந்ததில் நன்மையும் உண்டு, புதிய ஆபத்தும் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் கையால் பழைய நூல்களைத் தட்டெழுதித் தந்தது. அந்த உழைப்புக்குத் தமிழர் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் தட்டெழுதுபவரின் விரல் தன் ஊர் எழுத்துக்கு இயல்பாகச் சாயும். பிழைதிருத்தி மென்பொருளோ அகராதியில் இல்லாத எல்லாவற்றுக்கும் அடிக்கோடிடும். தேடுபொறியில் 'துறட்டி' என்று தேடினால் 'தொரட்டி' உள்ள கதை அகப்படாது. இதற்குத் தீர்வு கதையைத் திருத்துவதல்ல. கதைக்கு வெளியே ஒரு சொல்லடைவு வைப்பது. வச்சு, வெச்சு, வைச்சு எல்லாவற்றையும் 'வைத்து' என்ற தலைச்சொல்லின்கீழ்ச் சேர்த்து, எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், யார் வாயில் என்று குறித்தால் போதும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோதே பேச்சுச் சொற்களுக்கும் ஊர்ச் சொற்களுக்கும் தனிக்குறி இட்டது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்குக்கும் இடம் தந்தது. அடித்தளம் இருக்கிறது, புனைகதையின் எழுத்துகளை அதன்மேல் ஏற்றும் வேலைதான் பாக்கி.

எங்கள் பக்கத்துக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. மதுரை, திண்டுக்கல் பேச்சின் மிகத் தெளிவான அடையாளம் பன்மை முடிவு. இன்று சினிமாவும் கைப்பேசியும் அதை 'வந்தாய்ங்க', 'அவிய்ங்க', 'அவய்ங்க' என்று எழுதுகின்றன. 2007இல் 'பருத்திவீரன்', 2008இல் 'சுப்ரமணியபுரம்' வந்தபிறகு இந்த எழுத்து ஊரெங்கும் பரவியது. பழைய கதைகளில் நான் அதிகம் காண்பது 'வந்தாங்க', இல்லாவிட்டால் இராமநாதபுரம் பக்கத்து மரியாதை கலந்த 'வந்தாக'. 'ஆங்க' என்று எழுதினால் அது எல்லா ஊருக்கும் பொதுவான முடிவாகி, மதுரையின் அந்த மூக்கொலி மறைந்துவிடுகிறது. பழைய எழுத்தாளர் அந்த ஒலியைக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு எழுத்து கிடைக்காததால் பொதுமுடிவை எடுத்துக்கொண்டார் என்பது என் ஊகம். இதைச் சோதிக்க வழி இருக்கிறது. முதற்பதிப்புகளும் பழைய பத்திரிகைகளும் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கின்றன. அந்தச் சேகரமே செட்டிநாட்டுக் கோட்டையூரிலிருந்து போனதுதான். அந்தப் பக்கங்களைப் படியெடுத்துவந்து, நத்தத்திலும் சாணார்பட்டியிலும் எண்பது வயது கடந்தவர்கள் முன்னால் வைத்து உரக்கப் படிக்கச் சொல்லி, அவர்கள் 'ஆங்க' என்ற எழுத்தைக் கண்டு எந்த ஒலியை எழுப்புகிறார்கள் என்று பதிவு செய்யலாம். காந்திகிராமத்தில் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தமிழ் படிக்கும் மாணவர்களில் பலருக்கு இந்தப் பேச்சு வீட்டுப்பேச்சு. படிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கும்போதே அந்த மாணவர்கள் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.